தண்ணீர் குடிக்கும் மெஷின்

இந்த ஊரில் வீட்டைச் சுத்தம் செய்தால் குப்பை வெளியே போகாது. கேட்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் யோசித்துப் பாருங்கள். சுவரில் பிளக்கைச் செருகி, குழாயைத் தரையில் வைத்து இழுத்தால், தூசி, முடி, சோற்றுப் பருக்கை எல்லாம் மெஷினின் வயிற்றுக்குள் இருக்கிற ஒரு காகிதப் பையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அந்த மெஷினை அப்படியே அலமாரிக்குள் நிறுத்திக் கதவைச் சாத்திவிடுகிறோம். பை நிறைய மாதக்கணக்கில் ஆகும். அதுவரைக்கும் போன மாதத்துக் குப்பை நம்மோடு வாடகை இல்லாமல் குடியிருக்கும். நானும் வந்த நாளிலிருந்து இப்படித்தான் செய்துகொண்டிருந்தேன், ஒரு நாளும் உறுத்தியதில்லை. ஊரிலிருந்து அஞ்சலை அக்கா வந்து அந்த அலமாரியைத் திறந்து பார்த்த அன்றைக்குத்தான் உறுத்தியது. “குப்பய வூட்டுக்குள்ளயே பூட்டி வச்சிக்கினு இன்னாத்தடி பெருக்கற நீ?” என்று கேட்டாள்.

அஞ்சலை என் கூடப் பிறந்தவள். எங்கள் இருவருக்கும் நடுவில் பிறந்த பிள்ளைகள் தங்காததால் வயதில் நல்ல இடைவெளி. கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில், கொல்லைப்புறக் கதவைத் திறந்தால் கல்வராயன் மலை வந்து நிற்கிற ஓர் ஊரில் வாக்கப்பட்டிருக்கிறாள். களை எடுக்கப் போவாள், மரவள்ளி பிடுங்கப் போவாள், இரண்டு கறவை மாடு வைத்துச் சொசைட்டிக்குப் பால் ஊற்றுவாள். மாமா மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றுகிற டிராக்டர் ஓட்டுகிறார். நான் கள்ளக்குறிச்சியில் நர்சிங் முடித்துவிட்டு, ஜெர்மனியின் தெற்கே ஒரு சின்ன நகரத்துக்கு வந்து சேர்ந்தவள். ஊரில் படித்த படிப்பு இங்கே பாதிதான் செல்லும். இவர்கள் வைக்கிற பரீட்சையில் தேறுகிறவரைக்கும் நான் நர்ஸ் இல்லை, உதவியாள். ஊசியைக் கையில் எடுத்துக் கொடுக்கலாம், போடக் கூடாது. முதல் தடவை எழுதியபோது வயிற்றில் பிள்ளை, மயக்கமும் வாந்தியுமாகப் போய் உட்கார்ந்து கோட்டை விட்டேன். இன்னொரு தடவைதான் எழுத விடுவார்கள். அதற்கான வகுப்பு ஆரம்பிக்கிறபோது மகள் யாழினி தவழத் தொடங்கியிருந்தாள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற கிட்டாவில் இடம் கிடைக்கப் புரட்டாசி ஆகும் என்றார்கள். என் கணவர் சேகருக்குப் பார்சல் கிடங்கில் ஷிஃப்ட் வேலை. அம்மா இல்லை. ஆகவே அக்காவுக்கு மூன்று மாத விசா எடுத்தோம். மாடுகளை மாமாவிடம் ஒப்படைத்துவிட்டு, அதுவரை சேலத்தைத் தாண்டியிராத என் அக்கா விமானம் ஏறி வந்து இறங்கினாள்.

அவள் வந்த பிறகு என் வீடு வீடாக இருந்தது என்று சொல்வேன். மாலையில் வகுப்பு முடிந்து வந்தால் புளிக்குழம்பு வாசனை படிக்கட்டு வரைக்கும் வரும். யாழினி எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுப் பளபளவென்று இருப்பாள். அக்காவுக்குப் பிடிபடாமல் இருந்தது தரை ஒன்றுதான். எங்கள் வீட்டுத் தரை முழுக்கச் சுவரோடு சுவராக ஒட்டிய சாம்பல் நிறக் கம்பளம். டெப்பிஷ் என்பார்கள். கழற்றவும் முடியாது, கழுவவும் முடியாது. பிள்ளை அதில்தான் தவழ்கிறாள், அதில் கிடப்பதையெல்லாம் எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறாள். “துணிய தரையில ஒட்டி வச்சிக்கினு அது மேல செருப்புக் காலோட நடக்கறது இன்னா பழக்கம்?” என்று அக்கா தினமும் ஒரு தடவை கேட்டுக்கொள்வாள். ஆனாலும் மெஷினை ஓட்டக் கற்றுக்கொண்டாள். நான் சொல்லித் தந்ததெல்லாம் பிளக், சுவிட்ச், குழாய். சொல்ல வேண்டியது இன்னொன்று இருக்கிறதென்று யாருக்குத் தோன்றும்?

நம் பக்கத்தில் உலர்ந்த வாசலை யார் அப்படியே பெருக்குகிறார்கள்? அக்கா வீட்டு வாசல் செம்மண். கரும்பு டிராக்டர் ஒன்று போனால் போதும், தெரு முழுக்கப் புழுதி எழுந்து நின்றுவிட்டு மெதுவாக இறங்கும். அவள் காலையில் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, உள்ளங்கையால் தண்ணீரை அள்ளி விசிறிக்கொண்டே வாசலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போவாள். மண் நனைந்து புழுதி அடங்கியதும் தொடப்பத்தை எடுப்பாள். மலையிலிருந்து கொண்டுவந்து விற்கிற புல்லில் கட்டிய தொடப்பம்தான் அவளுக்கு ஆகும், கடையில் விற்கிற பிளாஸ்டிக் பிடி வைத்தது ஆகாது. தெளிக்காமல் பெருக்கினால் குப்பை தரையிலிருந்து மூக்குக்குப் போகும், அவ்வளவுதான் வித்தியாசம் என்பாள். அதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, எனக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. பல் தேய்ப்பதைப் போல அதுவும் ஒரு வழக்கம். நான் இங்கே வந்ததும் அந்த வழக்கத்தை விட்டுவிட்டேன். விட்டதே தெரியாத அளவுக்கு விட்டிருந்தேன்.

ஒரு நாள் காலை, நான் வகுப்பில் இருக்கிற நேரத்தில், அக்கா மெஷினின் பின்பக்கத்திலிருந்து சூடான காற்று வருவதைக் கவனித்திருக்கிறாள். முன்னால் உறிஞ்சுகிற தூசியெல்லாம் பின்னால் பறந்து பிள்ளையின் மூக்குக்குப் போகிறது என்று முடிவு செய்திருக்கிறாள். மெஷினை நிறுத்தி, ஒரு சொம்புத் தண்ணீர் எடுத்துவந்து, கூடம் முழுக்கப் பதமாகத் தெளித்து, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, மறுபடி சுவிட்சைப் போட்டிருக்கிறாள். மெஷின் கொஞ்ச தூரம் இழுத்தது, முனகியது, பிறகு வயிற்றிலிருந்து கருகிய நாற்றத்தோடு புகை விட்டது. கூரையில் இருந்த புகைமணி அலறியது. அக்கா அந்தச் சத்தத்தை அதற்கு முன் கேட்டதில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கதவைத் திறந்தால், எதிரே கீழ்வீட்டு பெக்கரம்மா.

பெக்கரம்மா தனியாக இருக்கிற வயதான பெண்மணி. படிக்கட்டில் ஈரச் செருப்பு இருந்தால் எங்களைத்தான் கேட்பார். எங்கள் வீட்டுத் தாளிப்பு நெடிக்கு ஜன்னலைப் படார் என்று சாத்துவார். அவர் அன்றைக்குப் புகையைப் பார்த்ததும் செய்தது ஒன்றே ஒன்று, பிள்ளையை வெளியே கொண்டுபோக வேண்டும் என்று அக்காவின் கையிலிருந்து வாங்கப் பார்த்தார். “கிண்ட் ரவுஸ்! கிண்ட் ரவுஸ்!” என்று கத்தியிருக்கிறார். பிள்ளையை வெளியே கொண்டுவா என்று அர்த்தம். அக்காவுக்கு அந்த மொழியே புதிது. தவிர, இரண்டு வாரம் முன்பு கோயிலில் ஒரு தமிழ்ப் பெண் அவளிடம், இந்த நாட்டில் பிள்ளையைச் சரியாகப் பார்த்துக்கொள்ளாவிட்டால் கவர்மெண்ட் வந்து தூக்கிக்கொண்டு போய்விடும், அக்கம்பக்கத்தவர்கள்தான் காட்டிக்கொடுப்பார்கள் என்று விஸ்தாரமாகச் சொல்லியிருந்தாள். வெளிநாட்டில் நாம் ஒருவருக்கொருவர் செய்துகொள்கிற பெரிய உதவி இப்படிப் பயமுறுத்துவது.

வகுப்பு இடைவேளையில் போனைப் பார்த்தேன், பெக்கரம்மாவின் எண்ணிலிருந்து வரிசையாக அழைப்புகள். ஓடினேன். வகுப்பு நடப்பது அடுத்த தெருவில்தான், என்னென்னவோ நினைத்துக்கொண்டு ஓடினேன். படிக்கட்டு முகப்பில் நான் கண்டது இதுதான்: யாழினியின் தோளைப் பெக்கரம்மா பிடித்திருக்கிறார், இடுப்பை அக்கா பிடித்திருக்கிறாள், இருவரும் ஆளுக்கொரு மொழியில் கத்துகிறார்கள். “உட்றி புள்ளய! தோ பாரு, செத்தாலும் குடுக்க மாட்டன்!” என்று அக்கா சொல்ல, “யா, யா, ரவுஸ்!” என்று ஆமாம் போடுகிறார் பெக்கரம்மா. இரண்டு பக்கமும் இழுபடுகிற யாழினி, யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்து, கெக்கெக்கே என்று சிரித்துக்கொண்டிருக்கிறாள். அவள் சிரித்ததைப் பார்த்துத்தான் எனக்கு மூச்சு வந்தது. அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

நெருப்பு ஒன்றும் இல்லை, புகைதான். ஜன்னலைத் திறந்ததும் போய்விட்டது. மெஷின் செத்துவிட்டது. கம்பளம் காய இரண்டு நாளானது. அதெல்லாம் ஒன்றுமில்லை. அக்காதான் மாறிப்போனாள். பிள்ளையைத் தரையில் விடுவதே இல்லை, பகலெல்லாம் இடுப்பிலேயே வைத்திருந்தாள். நான் கிளம்பியதும் கதவைப் பூட்டி, அதற்கு முட்டுக்கொடுத்து ஒரு நாற்காலியையும் போட்டாள். தபால்காரர் மணி அடித்தால் பிள்ளையோடு குளியலறைக்குள் போய்விடுவாள். பெக்கரம்மா நல்லதுக்குத்தான் செய்தார் என்று எத்தனை விதமாகச் சொல்லியும் ஏறவில்லை. மூன்றாம் நாள் பெட்டியை இறக்கித் துணிகளை மடிக்க ஆரம்பித்தாள்.

“டிக்கெட்ட மாத்திக் குடு செல்வி. நான் ஊருக்குப் போறன்.”

“ஏங்க்கா? பரீட்ச வருதே.”

“இங்க எத்தத் தொட்டா எது வெடிக்கும்னு எனுக்குத் தெரியல. என்னால உம்புள்ள உனுக்கு இல்லாம பூடக் கூடாதுடி. நான் போறன்.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். எனக்குத்தான் அழுகை வந்தது. அவள் போனால் நான் வகுப்புக்குப் போக முடியாது. வகுப்புக்குப் போகாவிட்டால் பரீட்சை இல்லை. இந்தத் தடவை விட்டால் காலமெல்லாம் உதவியாளாக, அடுத்தவர் போடுகிற ஊசிக்குப் பஞ்சு எடுத்துக் கொடுத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அதைச் சொல்லி அவளை நிறுத்தவும் எனக்கு மனம் வரவில்லை. பயத்தோடு ஒரு வீட்டில் அடைந்து கிடக்கிறவளை, என் பரீட்சைக்காக இரு என்று எப்படிச் சொல்வது? சனிக்கிழமை டிக்கெட்டைப் பார்க்கலாம் என்று மட்டும் சொன்னேன்.

சேகர் ஒரு வைத்தியம் சொன்னார்: புது மெஷின் வாங்கிவிடலாம். ஆண்களுக்கு வீட்டில் எந்தத் துக்கம் நடந்தாலும் ஒரு சாமான் வாங்கினால் தீர்ந்தது. என்றாலும் தவழ்கிற பிள்ளை இருக்கிற வீட்டில் கம்பளம் எத்தனை நாள் அப்படியே கிடக்கும்? சனிக்கிழமை காலை, அக்காவைத் தனியாக விட மனமில்லாமல், அவளையும் கூட்டிக்கொண்டு எல்லோரும் பெரிய எலக்ட்ரிக் சாமான் கடைக்குப் போனோம்.

அக்காவுக்குக் கல்யாணம் ஆன புதிதில், கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையில் கிரைண்டர் வாங்கப் போனது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்பா, அம்மா, மாமா, மாமாவின் சித்தப்பா, அக்கா, நான் என்று இரண்டு பஸ் சீட்டு நிறைய ஆட்கள். கடைக்காரர் எல்லோருக்கும் ஸ்டூல் போட்டு, கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். ஊறவைத்த உளுந்து தயாராக இருந்தது. கிரைண்டரில் போட்டு எங்கள் கண் எதிரிலேயே அரைத்துக் காட்டினார். எங்கள் பெரியவர்கள் ஒவ்வொருவராக மாவில் விரலை விட்டு, கட்டைவிரலால் தேய்த்து, தலையை ஆட்டினார்கள். “கரண்ட்டு பூட்டா இன்னா பண்றது?” என்று அக்கா கேட்டாள். கடைக்காரர், “கரண்ட்டு வந்த பெறவு அரைங்க” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பொருள் என்றால் அப்படி ஓட்டிப் பார்த்து, அதன் குணம் என்ன, கோபம் என்ன என்று தெரிந்துகொண்டுதான் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது எங்கள் வீட்டு எண்ணம். இங்கே கடையில் மெஷின்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையில் நிற்கின்றன. ஒவ்வொன்றின் கழுத்திலும் ஓர் அட்டை. சத்தம் எவ்வளவு, கரண்ட் எவ்வளவு, பை உண்டா இல்லையா என்று எல்லாம் அதில் இருக்கும். படித்துவிட்டு நாமே முடிவு செய்துகொள்ள வேண்டும். யாரும் ஸ்டூல் போட மாட்டார்கள்.

ஆனாலும் மீசை முளைத்தும் முளைக்காத ஒரு விற்பனைப் பையன் எங்களிடம் வந்தான். முதல் கேள்வியே, ஹவுஸ்டியரே இருக்கிறதா என்று. வீட்டில் பிராணிகள் உண்டா என்று அர்த்தம். நாய், பூனை முடிக்குத் தனி மெஷின் இருக்கிறது. நான் வழக்கம்போல அக்காவுக்கும் சொன்னேன். அவளைக் கேட்காமல் எதையும் வாங்கிப் பழக்கமில்லை.

“ரெண்டு மாடு, ஒரு கன்னு, மூணு ஆடு. கோழி இன்னா ஒரு ஏழெட்டு இருக்கும்” என்றாள் அக்கா.

அவள் தன் வீட்டைச் சொல்கிறாள் என்பது எனக்கு உறைப்பதற்குள், என் வாய் அதை ஜெர்மனில் சொல்லிவிட்டது. பையன் எங்களை ஒருமுறை பார்த்தான். இரண்டாம் மாடியில் குடியிருக்கிறோம், தூக்க லேசானதாக வேண்டும் என்று அவன் வந்ததுமே சொல்லியிருந்தேன். மிகுந்த மரியாதையோடு, அப்படியானால் இழுவிசை அதிகமாக உள்ளதுதான் சரி என்று எங்களைக் கடைசி வரிசைக்குக் கூட்டிப்போனான். சேகர் திரும்பி நின்றுகொண்டு தோள் குலுங்கச் சிரித்தார்.

அங்கே ஒரு கம்பளத் துண்டின் மேல் மணலைத் தூவி வைத்திருந்தார்கள், ஓட்டிப் பார்ப்பதற்கு. பையன் சுவிட்சைப் போட்டான். மெஷின் பூனை மாதிரிச் சத்தமில்லாமல் மணலை விழுங்கியது. நான் அசந்துபோனேன். அக்கா அசையவில்லை. குனிந்து மெஷினின் பின்பக்கத்தில் கையை வைத்துக் காற்று வருகிறதா என்று பார்த்தாள். வந்தது. அவள் முகம் போன போக்கிலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். நான் அட்டையைப் படித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அவள் கைப்பையிலிருந்து யாழினிக்காகக் கொண்டுவந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து, உள்ளங்கையில் ஊற்றி, அந்தக் கம்பளத் துண்டின் மேல் அழகாக ஒரு விசிறு விசிறினாள்.

“நைன்! நைன்! நைன்!” கூடாது கூடாது என்று கத்திக்கொண்டே பையன் பிளக்கைப் பிடுங்கிய வேகத்தில் இடறி விழப் பார்த்தான். சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனாள். யாழினியை வைத்திருந்த சேகரின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, “வா மாப்ள, போலாம். புள்ளய கெட்டியா புடி” என்றாள். இங்கேயும் யாராவது பிள்ளையைப் பறிக்க வருவார்கள் என்று அவள் கண் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு வெட்கமும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. யார் மேல் ஆத்திரம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் ஊரில் தண்ணீர் தெளித்துத்தான் பெருக்குவார்கள், புழுதி எழாமல் இருக்க, வீட்டில் ஒரு மெஷின் அப்படித்தான் போனது, இனிமேல் அக்கா தெளிக்க மாட்டாள், நான் சொல்லிவிடுகிறேன் என்று. பையன் நெற்றியைச் சுருக்கிக் கேட்டான்.

“அப்படியென்றால் உங்களுக்கு வேண்டியது இது இல்லையே. நாஸ்-ட்ரோக்கன்-ஸௌகர்தானே? ஈரம், உலர்ந்தது எல்லாவற்றையும் இழுக்கும். எங்களிடம் இல்லை. பௌமார்க்ட்டில் போய்க் கேளுங்கள். ஆனால் சத்தம் போடும்.”

இத்தனை நாளும் அக்கா மாறவேண்டும் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். தெளிக்காதே என்று சொல்ல வேண்டும், சுவரில் எழுதி ஒட்ட வேண்டும், பழக்க வேண்டும் என்று. தண்ணீர் குடிக்கிற மெஷின் ஒன்று இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இந்த நாட்டுக்கு வந்த நம்மில் பலருக்கும் இது ஒரு வியாதி. இடறினால் குற்றம் நம்முடைய காலில்தான் என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

பௌமார்க்ட் என்பது சிமெண்ட், பலகை, கக்கூஸ் பீங்கான் எல்லாம் விற்கிற இடம். வீட்டுச் சாமான் வாங்க அங்கே யாரும் போக மாட்டார்கள். ஆணிப் பெட்டிகளுக்கு அப்பால் அது நின்றது. அழகு என்று எதுவும் கிடையாது. பால் கேனுக்கு நாலு சக்கரம் வைத்து மூக்கில் ஒரு குழாயை மாட்டினால் எப்படி இருக்கும், அப்படி. பெட்டியின் மேல் ஒரு படம், வெள்ளம் புகுந்த நிலவறையில் ஒருவன் அதை வைத்துக்கொண்டு தண்ணீரை உறிஞ்சுகிறான். அக்கா அந்தப் படத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தாள். விரலை வைத்துத் தண்ணீரைத் தொட்டாள்.

“இது தண்ணி குடிக்குமா?”

“குடிக்குமாம்க்கா.”

“ஓட்டிக் காட்டச் சொல்லு.”

கையெல்லாம் பச்சை குத்திய ஒரு பெண் அங்கே வேலை பார்த்தாள். நான் தயங்கித் தயங்கிக் கேட்டதும், ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பக்கத்தில் தரை துடைக்க வைத்திருந்த வாளியிலிருந்து ஒரு குவளைத் தண்ணீரை எடுத்துச் சிமெண்ட் தரையில் ஊற்றினாள், மெஷினை இழுத்துவந்து சுவிட்சைப் போட்டாள். அறுவடை மெஷின் வயலில் இறங்கிய சத்தம். தண்ணீர் மறைந்து, தரை ஈரத் தடத்தோடு இருந்தது. மூடியைத் திறந்து அடியில் கிடந்த தண்ணீரை அக்காவுக்குக் காட்டினாள். அக்கா உள்ளே எட்டிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அப்போதுதான். எனக்கு அந்தப் பச்சை குத்திய கையைப் பிடித்து முத்தம் கொடுக்கலாம் போல இருந்தது.

வீட்டுக்குக் கொண்டுவந்து, காகித வடிகட்டியைக் கழற்றி ஸ்பாஞ்ச் வடிகட்டியை மாட்டினார் சேகர். ஈரத்துக்கு அதுதான். அக்கா சேலையை இடுப்பில் செருகிக்கொண்டாள். பிள்ளையை ஒரு கையில் வைத்தபடியே இன்னொரு கையால் கூடத்தில் தெளித்தாள். மெஷின் உறுமத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் வாசல் மணி அடித்தது. திறந்தால் பெக்கரம்மா, வீட்டுச் செருப்போடு நிற்கிறார். “என்ன இது, விமானமா?” என்று கேட்டார். அக்கா மெஷினை நிறுத்தினாள். பெக்கரம்மா நனைந்த கம்பளத்தைப் பார்த்தார், சொம்பைப் பார்த்தார், அந்தப் பால் கேனைப் பார்த்தார். நான் விளக்கம் சொன்னேன், பாதி ஜெர்மன், பாதி கையசைப்பு. கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, தன் அம்மாவும் பெருக்குவதற்கு முன்னால் ஈரத் தேயிலைச் சக்கையைத் தரையில் தூவுவாள் என்றார். தூசி எழாமல் இருப்பதற்காக. நான் அதை அக்காவுக்குச் சொன்னேன்.

“இவுங்க ஊட்லயுமா?” என்றாள் அக்கா. அவரை மேலும் கீழுமாகப் பார்த்தாள். அந்தக் குழாயோ ஒரு கையில் நிற்காத கனம். யாழினி வேறு நழுவிக்கொண்டிருந்தாள். சேகர் கையை நீட்டினார், நானும் நீட்டினேன். அக்கா எங்களைத் தாண்டிப் போய், பிள்ளையைப் பெக்கரம்மாவின் கையில் கொடுத்தாள். “இந்தாம்மா, செத்த புடி. முடிச்சிட்டு வாங்கிக்கறன்” என்றாள், சுத்தத் தமிழில். பெக்கரம்மா, “யா, யா” என்று வாங்கிக்கொண்டார். மறுபடி எழுந்த உறுமலுக்கு நடுவே அவர் யாழினியின் ஒரு காதைத் தன் மார்போடு அணைத்து, மறு காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு நின்றதை நான் மறக்க மாட்டேன்.

முடித்ததும் அக்கா மூடியைத் திறந்து, அடியில் கிடந்த கறுப்புத் தண்ணீரை எல்லோருக்கும் காட்டினாள். “பாருடி, உங்க துணித் தரை எம்மாம் அழுக்குன்னு” என்றாள். அதைத் தானே தூக்கிக்கொண்டு போய்க் கக்கூஸில் ஊற்றித் தண்ணீர் விட்டாள். குப்பை வீட்டை விட்டுப் போயிற்று. கையைத் துடைத்துக்கொண்டே, எனக்குப் பாதி கேட்கும்படி, “அந்த டிக்கெட்ட மாத்த வோணாம். விசா முடியறவரிக்கும் இருக்கறன்” என்றாள். நான் சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு, நன்றாக அழுதேன். நெஞ்சில் இருந்த கல்லை யாரோ எடுத்து வெளியே போட்டமாதிரி இருந்தது.

பரீட்சையில் தேறிவிட்டேன். இப்போது நானே ஊசி போடுகிறேன். தேறியதைவிட, தேறியதைச் சொல்ல வீட்டில் அக்கா இருந்தது பெரிது. மாமாவுக்குப் போன் போட்டு, “நம்ம செல்வி டாக்டராயிட்டா” என்றாள். நான் திருத்தவில்லை. விசா முடிகிற வாரம் அவள் கிளம்பினாள். பெக்கரம்மா கீழே இறங்கி வந்து வழியனுப்பினார், ஒரு டப்பா பிஸ்கட் கொடுத்தார். இருவரும் ஆளுக்கொரு மொழியில் பேசிக்கொண்டார்கள், இந்த முறை கத்தாமல்.

விமான நிலையத்திலிருந்து திரும்பிவந்தபோது கூடம் கிளம்பின கோலத்திலேயே கிடந்தது. பொரி சிந்திக் கிடந்தது, நூல் துணுக்கு, அவள் கட்டிக்கொண்டுபோன பெட்டியின் சணல் நார். மெஷினை இழுக்கப் போன சேகரை நிறுத்தினேன். வீட்டிலிருந்து ஒருவர் ஊருக்குக் கிளம்பினால், போய்ச் சேர்ந்த சேதி வரும்வரை வீட்டைப் பெருக்கக் கூடாது. நான் முதன்முதலாக இந்த நாட்டுக்கு வந்தபோது, அக்கா வீட்டிலிருந்துதான் கிளம்பினேன். இறங்கிப் போன் செய்தபோது அவள் சொன்ன முதல் வார்த்தை, “அப்பாடா, இனிமே பெருக்கலாம்.” கிளம்புகிறவள் எப்போதும் நான்தான், பெருக்காமல் காத்திருக்கிறவள் அவள். என் வீட்டிலிருந்து ஒருவர் ஊருக்குப் போய், நான் பெருக்காமல் இருந்தது இதுதான் முதல் தடவை. வாடகை வீடு, துணித் தரை, ஆனாலும் ஒருவர் ஊருக்குக் கிளம்பிப் போகிற வீடு.

மறுநாள் மதியம் அக்காவின் முகம் போனில் வந்தது. பின்னால் மலை தெரிந்தது, மாடு ஒன்று கத்தியது.

“சேந்துட்டன் செல்வி. பெருக்குனியா?”

“இல்லக்கா. நீ சேரட்டும்னு இருந்தேன்.”

“அதான் சேந்துட்டனே. பெருக்கிக்க.”

“இன்னிக்கி ஞாயித்துக்கெழமக்கா. இந்தக் கட்டடத்துல ஞாயித்துக்கெழம மெஷின் ஓட்டக் கூடாதுன்னு சட்டம்.”

“அவுங்களுக்கும் யாராச்சும் ஊருக்குப் போயிருப்பாங்க” என்றாள் அக்கா.

கச்சிராயபாளையத்திலிருந்து அனுமதி வந்துவிட்டது, இந்த ஊரிலிருந்து வரவில்லை. திங்கட்கிழமை காலை வரைக்கும், அக்கா சிந்திவிட்டுப் போன பொரியை மிதிக்காமல், நானும் சேகரும் கூடத்தில் ஓரமாக நடந்துகொண்டிருந்தோம். யாழினி மட்டும் நடுவில் தவழ்ந்து, ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தாள்.